வாசுகியின் நாற்பத்தொரு வரி

நாற்பத்தொன்று. வெற்று வரிகளைக் கழித்து, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள். ஜொகூர் மாநிலத்து மாசாயில் அடுக்குவீட்டின் நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பெண், கணினி வகுப்பு என்று ஒரு நாள்கூடப் போகாதவள், எழுதிய வரிகள் அவை. அந்த நாற்பத்தொரு வரி இருந்த வரைக்கும் எங்கள் ஆலையில் யாரும் வெந்து போகவில்லை.

பெயர் வாசுகி. வயது நாற்பத்தெட்டு. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் பாசிர் கூடாங்கிற்கு வந்து ஆலை வேலையில் சேர்ந்தாள். புருஷன் சுகுமாறன் இருட்டோடு மோட்டார்சைக்கிளில் கிளம்பி சிங்கப்பூருக்குப் போய், இருட்டியபின் வருகிறவன். பத்து வருடம் வாசுகி சுத்திகரிப்புத் திரவங்களைக் கலனில் அடைக்கும் லைனில் நின்றாள். பிறகு ஒருநாள் மேலாளர் உலகப்பன் கேன்டீனுக்கு வந்து, தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். கோயில் அறிவிப்புகளை டைப் அடித்துக் கொடுத்த பழக்கத்தில் இவள் கையைத் தூக்கினாள். கையேடுகள் தயாரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். சம்பளத்தை மாற்றவில்லை.

அந்த அறையில் வேலை இப்படி நடக்கும். கையேட்டின் வாசகம் வெறும் வாசகமாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம் இருக்கும்: இது தலைப்பு, இது செய்யவேண்டிய வேலை, இது எச்சரிக்கை. ஓர் எச்சரிக்கையும் அது எந்த வேலைக்கு உரியதோ அந்த வேலையும் வாசகத்தில் ஒரே பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். ஆனால் எழுத்து எவ்வளவு பெரிது, கட்டம் எங்கே, பக்கம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்குத் தனியாக ஒரு கோப்பு. ஸ்டைல் ஷீட் என்பார்கள். வாசகத்தையும் அதையும் சேர்த்து ஓட்டினால் அச்சுப் பக்கம் வெளியே வரும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் ஒரே விதிகள். ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை அந்தக் கோப்பில் இருந்தது. அது சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்திடம் வாங்கியது. உலகத் தரத்துக்கு எழுதியது என்று சொல்லித்தான் விற்றார்கள். பதினோராயிரத்துச் சொச்சம் வரி. அதில் ஒரு விதி இன்னொரு விதியைக் கூப்பிடும், அது மூன்றாவதைக் கூப்பிடும், மூன்றாவது திரும்பி முதலாவதிடமே போய் நிற்கும். ஆலையில் அதைத் திறந்து பார்த்தவர்களே கிடையாது. வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்த உலகப்பனும் பார்த்ததில்லை.

இனி ஆலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கையேடு இருநூறு பக்கத்துக்கு மேல். கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரும் அதை விரித்துப் படிக்க முடியாது. கையில் ரப்பர் உறை, காலடியில் ஈரம். அதனால் ஷிப்டு சூப்பர்வைசர் அன்றைய வேலைக்கு வேண்டிய ஒரே ஒரு பக்கத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிக் கிளிப்பால் தொட்டிக் கம்பியில் தொங்கவிடுவார். எல்லா லைனிலும் அதுதான் நடைமுறை. மேலாளர்கள் தினமும் அந்தத் தாள்களைத் தாண்டித்தான் காபி குடிக்கப் போவார்கள். ஆலையின் விதிப்புத்தகத்தில் மட்டும் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

2018 மார்ச்சில், ஒரு புதன்கிழமை காலை, சின்னத்தம்பி மூன்றாம் தொட்டியில் நின்றான். பாலோவிலிருந்து வந்து நான்கு மாதம் ஆன பையன் அவன். இருபத்தாறு வயது. பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவன். தமிழ்தான் கடகடவென்று படிப்பான். தொங்கிய தாளில் இருந்தது இது: அளந்த காஸ்டிக் சோடாவையும் தண்ணீரையும் தொட்டியில் சேர்க்கவும். அவன் சேர்த்தான். முதலில் சோடாவைக் கொட்டினான். அதன் மேல் தண்ணீர்க் குழாயைத் திறந்தான். தொட்டி கொதித்து எழுந்து முகத்தில் அடித்தது. இடது கண் போய்விட்டது.

தண்ணீரை முதலில் விடு, சோடாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, ஒருபோதும் சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றாதே என்று எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. முந்தைய பக்கத்தின் அடியில், சிவப்புக் கட்டத்துக்குள்.

அதைக் கண்டுபிடித்தது விசாரணைக் குழு இல்லை. வாசுகிதான். மறுநாள் மூன்று மொழிப் பக்கங்களையும் மேசையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். ஆங்கிலத்தில் எச்சரிக்கையும் வேலையும் ஒரே பக்கத்தில் இருந்தன. மலாயிலும் அப்படியே. தமிழ் வாசகம் நீளம் அதிகம் என்பதால் வேலை அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, எச்சரிக்கை பின்தங்கி நின்றது. தாளைத் தொங்கவிட்ட சூப்பர்வைசர் வீரமுத்து அந்த அறை வாசலில் வந்து நின்றான்.

"நான் தொங்கவிட்டது சரியான பக்கம்தானேக்கா? பதினாலுதானே? சொல்லுங்கக்கா."

"சரியான பக்கம்தான் வீரா."

"அப்ப ஏன்கா எல்லாரும் என்னையே பாக்குறாங்க?"

"என்னைத்தான் பாக்கணும். டைப் அடிச்சது நான். பக்கத்த ஓட்டினதும் நான்."

விசாரணை அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. வேலையாள் முழுக் கையேட்டையும் படிக்கத் தவறினார் என்பது முடிவு. அதை ஏற்றுக்கொண்டால், பதிலாகச் சின்னத்தம்பியை வேலையை விட்டு நீக்காமல் கேட்டில் காவலாளியாக வைத்துக்கொள்வார்கள் என்பது பேரம். அறிக்கையின் கீழே தொழிற்சங்கத்தின் சார்பில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என்னுடையது.

வாசுகி அந்த அறிக்கையைப் படிக்கக்கூட இல்லை. அவளுக்கு அதன் பிறகு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எந்தத் தாளைக் கழற்றித் தொங்கவிட்டாலும், அந்த வேலைக்குரிய எச்சரிக்கை அதே தாளில் இருக்க வேண்டும். எந்த மொழியாக இருந்தாலும். உலகப்பனிடம் சொன்னாள். அவர் சிங்கப்பூருக்கு எழுதினார். ஆறு வாரம் கழித்து அந்த நிறுவனத்தின் ஜீவன் என்பவன் தொலைபேசியில் வந்தான். அறையில் நானும் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அக்கா, வெளிய பாத்தா இது ஒரே ஒரு ரூல் மாதிரி தெரியும். உள்ள ஒம்போது இடத்துல கைய வைக்கணும்."

"தம்பி, பெருசா ஒண்ணும் கேக்கல. ஒரு பொதிய நடுவுல உடைக்காதன்னு அதுகிட்ட சொல்லணும். அவ்வளவுதான்."

"அந்த ரூல் இருக்குக்கா. ஆனா கட்டத்தோட உயரத்த இங்கிலீஷ வச்சு அளந்து வச்சிட்டாங்க. தமிழுக்கு மாத்துனா இங்கிலீஷ் உடையுது. ட்ரை பண்ணிட்டேன். எழுதுனவரு இருந்தா கேக்கலாம். அவரு ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாரு."

"அப்ப நீங்க யாரு தம்பி?"

"நானா? யாரும் அதைத் தொட்டுடாம பாத்துக்கிறவன்கா."

நல்ல பையன். உண்மையைச் சொன்னான். அந்தத் தொழிலில் உண்மை சொன்ன வேறு ஆளை நான் பார்க்கவில்லை.

வாசுகி அன்று வீட்டுக்குப் போகும்போது அந்தப் பதினோராயிரத்தை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போனாள். இரண்டு வாரம் படித்தாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சொல்ல அது எழுபது வரி எடுத்துக்கொண்டது என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நம்ம கோயில் வெப்சைட் நான்தானே பண்ணேன்? அங்கயும் ஸ்டைல் ஷீட்தான். தலைப்பு இந்த நிறம், கட்டம் இந்த அகலம்னு ஒவ்வொரு வரில சொல்லிட்டுப் போயிருவோம். அதையே ஏன் தாளுக்கு எழுதக் கூடாது?"

"எனக்கு என்னமா தெரியும். எழுதலாமா?"

"எழுதலாம்ணே. தாளுக்கும் அதுல ரூல் இருக்கு. யாரும் பெருசா மதிக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

எழுதினாள். வலைப்பக்கத்துக்கு எழுதுகிற அதே சாதாரண ஸ்டைல் ஷீட். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன மென்பொருள், அதை வாசகத்தோடு சேர்த்து அச்சுப் பக்கமாக மாற்றியது. தாளின் அளவு, ஓரம், மூன்று மொழிக்கும் எழுத்து, தலைப்பு, சிவப்புக் கட்டம், பக்க எண். கடைசிக்கு முந்தைய வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம்: இந்தப் பொதியை நடுவில் உடைக்காதே. பெரிய கோப்பு செய்கிற எல்லாவற்றையும் அது செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையேட்டின் பின்னால் வரும் சொல்லடைவை அது தானாகத் தயாரிக்காது. இன்ன பக்கம் பார்க்க என்ற குறிப்புகளைத் தானாகப் போடாது. தொட்டிக் கம்பியில் தொங்கப் போகிற தாளுக்குச் சொல்லடைவு எதற்கு என்று அவள் கேட்டாள். பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்று மொழியிலும் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எச்சரிக்கையும் தன் வேலையோடு ஒட்டி நின்றது. சில பக்கங்களின் அடியில் வெற்றிடம் விழுந்தது. விழட்டும் என்றாள். உலகப்பனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

உலகப்பன் கெட்டவர் இல்லை. செட்டிநாட்டுக் குடும்பம், ஜொகூர் பாருவில் மூன்றாம் தலைமுறை, லண்டனில் படித்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். இப்போது வேண்டாம், சமயம் பார்த்துப் பேசலாம் என்றார். அந்தச் சமயம் வரவே இல்லை.

ஆகவே வாசுகி கேட்காமலே செய்தாள். கையேடு பெரிய கோப்பில் ஓடி அலமாரிக்குப் போனது. தொங்குகிற தாள்களை அவள் தன் வரிகளில் ஓட்டி வீரமுத்துவிடம் கொடுத்தாள். அவன் மற்ற ஷிப்டு சூப்பர்வைசர்களிடம் கொடுத்தான். பதினோரு வாரம். தாளைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை நடந்தது. ஐந்தாம் தொட்டியில் ஒரு பையன் தாளைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடி, முகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்ததை வீரமுத்து கண்ணால் பார்த்திருக்கிறான்.

அவள் செய்த தவறு ஒன்றுதான். கையேட்டு அறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளும் அதைத் தயாரித்தது யார் என்ற குறிப்பு இல்லாமல் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. திருட்டுத்தனமாகச் செய்த வேலையிலும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் சிறிய எழுத்தில் போட்டிருந்தாள்: வடிவம், வாசுகி 41. சொன்னேன். எடுத்துவிடு என்றேன்.

"பேரு போடாத தாளு மொட்டைக் கடுதாசிண்ணே. நான் என்ன தப்பாவா எழுதுறேன்?"

வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஓர் அம்மா வந்தார். தொட்டிகளுக்கிடையே நடந்தார். தாள்களைப் பார்த்தார். படிக்க எளிதாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அடியில் இருந்த குறிப்பைக் காட்டி, இது எந்தத் தரத்தைச் சேர்ந்த வடிவம் என்று கேட்டார். அவர் கையில் இருந்த படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, நிரப்ப வேண்டும். உலகப்பனுக்குத் தெரியவில்லை. வீரமுத்துவுக்குத் தெரியும், அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டான். அந்த அம்மா கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கூட்டம். உலகப்பன், வாசுகி, சங்கத்துக்காக நான்.

"வேலை செய்யலன்னு நான் சொல்லல வாசுகி. அது எந்த ஸ்டாண்டர்டு? ஒரு பேரு சொல்லுங்க. நானே எழுதிப் போட்டுக்கிறேன்."

"வெப்சைட்டுக்கு எழுதுறது சார். உலகம் பூரா எழுதுறாங்க."

"அது வெப்சைட்டுக்கு."

"தாளுக்கும் ஆகும் சார். நாப்பத்தோரு வரி. காபி ஆறுறதுக்குள்ள படிச்சிடலாம். நீங்களே படிங்க."

தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நான் படிச்சு என்ன ஆகப் போகுது? நாளைக்கே நீங்க வேலைய விட்டுப் போனா இத யாரு பாத்துக்கறது?"

"அந்தப் பதினோராயிரத்த இப்ப யாரு சார் பாத்துக்கறா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க லா செல்வா," என்றார் உலகப்பன். "அதுக்கு ஒரு கம்பெனி இருக்கு. கேஸ் வந்தா கைய காட்ட ஒரு இடம் இருக்கு. இதுக்கு யார காட்டுறது? இவங்களையா?"

"காட்டுங்க சார்," என்றாள் வாசுகி. "அதுக்குத்தானே பேரு போட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்த மனிதர், அவள் சொன்னது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். நாற்பத்தொரு வரியை ஏற்றுக்கொண்டால், பதினோராயிரத்தை வாங்கச் சொன்னது யார் என்ற கேள்வி மேலே இருந்து வரும்.

முடிவு இது. அவளுடைய தாள்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெரிய கோப்பில் ஓடிய பக்கங்களையே தொங்கவிட வேண்டும். வாசுகிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். நீக்கம் என்றுதான் முதலில் பேசினார்கள், மாற்றமாகக் குறைத்தேன். சங்கத்தில் அதை வெற்றி என்று எழுதிக்கொண்டோம். அவளுடைய நாற்பத்தொரு வரியைக் காப்பாற்ற நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தேன். அவளுக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொண்டேதான் அப்படி நினைத்தேன்.

சிங்கப்பூர் நிறுவனம் இரண்டு மாதத்தில் தன் திருத்தத்தை அனுப்பியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு புதுக் கட்டம்: இந்தப் பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள், முழுக் கையேட்டையும் படியுங்கள். மூன்று மொழியிலும். அந்தக் கட்டம் தமிழில் நான்கு வரி இடத்தைப் பிடித்தது. நான்கு வரி இடம் போனதும் எல்லாப் பக்கத்து வாசகமும் நான்கு வரி கீழே இறங்கியது. முன்பு ஒரே பக்கத்தில் இருந்த எச்சரிக்கையும் வேலையும்கூட இப்போது பிரிந்தன. ஜீவன் வாசுகிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். இரண்டே சொல்: மன்னிச்சிடுங்க அக்கா.

வாசுகி பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தொட்டிப் பக்கம் போய், சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, தொங்குகிற பிளாஸ்டிக் உறைகளின் மேல் கையால் எழுதினாள். தண்ணி முதல்ல. கவசம் போடு. மூடியத் திறக்காத. அடியில் தன் பெயர். ஒன்பது நாள் அப்படி எழுதினாள். கட்டுப்பாட்டில் உள்ள ஆவணத்தில் கையால் எழுதுவது குற்றம் என்று இரண்டாவது கடிதம் வந்தது. மார்க்கர் பேனாவோடு உள்ளே வரக் கூடாது என்று வாசல் கேட்டுக்கும் உத்தரவு போனது.

கேட்டில் இருந்தது சின்னத்தம்பி.

மறுநாள் காலை எனக்கு முன்னால் அவள் வரிசையில் நின்றாள்.

"அக்கா, பையக் காட்டுங்க."

"என்ன தம்பி புதுசா?"

"காட்டுங்கக்கா. ப்ளீஸ்."

பையைத் திறந்தாள். சோற்று டப்பா, குடை, அடியில் சிவப்பு மார்க்கர். அவன் தலையைத் திருப்பி நல்ல கண்ணால் அதைப் பார்த்தான்.

"மேல கேமரா இருக்குக்கா."

"தெரியும்டா."

"எனக்கு இந்த வேலை போனா வேற எவன்கா குடுப்பான்?"

"எடுத்துக்க. உன்னை நான் ஒண்ணும் சொல்லல."

எடுத்தான். மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். பெயர், நேரம், பொருள் என்று புத்தகத்தில் எழுதினான். அவள் உள்ளே போய்விட்டாள். அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்த நான் அடுத்ததாக என் பையைத் திறந்து காட்டினேன்.

வாசுகி இன்னும் அங்கேதான் பெட்டி ஒட்டுகிறாள். உலகப்பன் பதவி உயர்ந்து ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார். பெரிய கோப்பு இன்னும் ஓடுகிறது. நான் சங்கத்தை விட்டு மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் மாசாய்க் கடையில் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் தே தாரிக் டீ சொன்னேன். அந்த வரிகளைப் பற்றிக் கேட்டதும் பர்ஸிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்துத்தான் எண்ணினேன்.

"வேற எங்கயாவது குடுத்துப் பாத்தியாமா? வேற ஃபேக்டரிக்கு?"

"எங்க குடுக்குறதுண்ணே? எல்லா எடத்துலயும் மொதல்ல பேரத்தான் கேக்குறாங்க, எந்த ஸ்டாண்டர்டுன்னு. இப்ப எழுதவும் விடுறதில்ல. எண்ணிக்கிட்டு மட்டும் இருக்கேன்."

"எத எண்ணுற?"

"சாப்பாட்டு நேரத்துல தொட்டிப் பக்கம் ஒரு சுத்து போவேன். கைய பின்னால கட்டிக்கிட்டு. பாக்குறதுக்குக் கடுதாசி குடுக்க முடியாதில்ல?"

அதற்கு முந்தைய நாள் அவள் எண்ணியதைச் சொன்னாள். எச்சரிக்கை முந்தைய பக்கத்தில் நிற்க, வேலையை மட்டும் சொல்லிக்கொண்டு தொங்குகிற தமிழ்த் தாள்கள்: அறுபத்து மூன்று.